நா வறட்சியின் விலை: பெண்களின் சிறுநீர் அவசரத்துக்கான மருந்துகளின் வரலாறு

சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே திடீரென அடக்க முடியாத அவசரம் தோன்றுவதையும், அதன் விளைவாகப் பகலில் அடிக்கடி கழிவறைக்குச் செல்ல நேர்வதையும், இரவில் உறக்கம் கலைந்து எழுவதையும், சில வேளைகளில் கழிவறையை எட்டுவதற்குள் சிறுநீர் கசிந்துவிடுவதையும் சேர்த்து, இன்றைய மருத்துவம் மிகை இயக்கச் சிறுநீர்ப்பை என்று பெயரிட்டு அழைக்கிறது. இருமும்போதும் தும்மும்போதும் சிரிக்கும்போதும் சிறிதளவு கசிவது இதனின்றும் வேறுபட்டது; அது இடுப்புத் தளத் தசைகளின் தளர்ச்சியால் வருவது, மருந்துகளுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாதது. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பின்படி பெண்களில் 16.9 விழுக்காட்டினரும் ஆண்களில் 16 விழுக்காட்டினரும் இக்கோளாறின் அறிகுறிகளைக் கொண்டிருந்தனர். இவ்வெண்கள் ஏறத்தாழச் சமமாகத் தோன்றினாலும், அவசரத்தோடு கசிவும் சேர்ந்துவிடும் நிலை பெண்களில் 9.3 விழுக்காடாகவும் ஆண்களில் 2.6 விழுக்காடாகவும் இருந்தது. எனவே இந்தக் கோளாறுக்கான மருந்துகளை உட்கொண்டோரிலும், அவற்றை ஒப்பிட்ட சோதனைகளில் பங்கேற்றோரிலும் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்தது இயல்பே.

இம்மருந்துகளின் வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு இரண்டு செய்திகள் தெளிவாகும். இவற்றுள் மிகப் பல வேறொரு உறுப்புக்காகப் பிறந்து, பின்னர் சிறுநீர்ப்பைக்குக் குடிபெயர்ந்தவை; வயிற்றுப் புண், குடல் வலி, மனச்சோர்வு, நெஞ்சுவலி, நீரிழிவு, மாறுகண் என அவற்றின் பிறந்த வீடுகள் பலவாகும். இரண்டாவது, கசிவைக் குறைக்கும் ஆற்றலில் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு சிறியது. நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்த முயன்ற களம் பெரும்பாலும் சிறுநீர்ப்பையாக இல்லாமல் நோயாளியின் வாயாகவே இருந்தது.

இவ்வரலாற்றின் வேர் பெல்லடோனா என்னும் ஐரோப்பியச் செடியில் இருக்கிறது. நம் ஊர்களின் வேலியோரங்களிலும் குப்பைமேடுகளிலும் வளரும் ஊமத்தை அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டிலும் உள்ள நச்சுப் பொருள்கள் நெருங்கிய உறவுடையவை. ஊமத்தை விதை உண்டவருக்கு நா வறண்டு, கண்மணி விரிந்து, உடல் சூடேறி, சித்தம் கலங்கி, சிறுநீர் வெளியேறாமல் கட்டிக்கொள்வதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர்கள் நஞ்சூட்டு வழக்குகளின் வாயிலாக நன்கு அறிந்திருந்தனர். பின்னாளில் மருந்துகளின் குறிப்புத் தாள்களில் பக்கவிளைவுகளாக அச்சிடப்பட்டவற்றில் பெரும்பாலானவை இந்நஞ்சின் குறிகளிலேயே அடங்கியிருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. பெல்லடோனாவிலிருந்து அட்ரோபின் என்னும் தூய வேதிப்பொருளை 1830களின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தனர். அது எவ்வாறு செயல்படுகிறது என்பது விளங்குவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. நரம்பின் முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளே தசைக்கும் சுரப்பிக்கும் ஆணையைக் கொண்டுசேர்க்கிறது என்பதை ஹென்றி டேல் 1914இல் வெளியிட்ட ஆய்வும், ஓட்டோ லோவி 1921இல் தவளையின் இதயத்தைக் கொண்டு நடத்திய சோதனையும் நிலைநாட்டின; இருவரும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அசிட்டைல்கோலின் வந்து பொருந்தும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். அட்ரோபின் அந்த இடத்தை முன்கூட்டியே அடைத்துக்கொள்வதால், நரம்பு அனுப்பும் ஆணை தசைக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஆனால் சிறுநீர்ப்பை இவ்விதிக்கு முழுவதும் பணியவில்லை. கேம்பிரிட்ஜில் லாங்லியும் ஆண்டர்சனும் 1895இலேயே கண்டறிந்தபடி, விலங்குகளின் உமிழ்நீரை அறவே நிறுத்திவிடும் அளவு அட்ரோபின் கொடுத்த பிறகும், நரம்பைத் தூண்டினால் சிறுநீர்ப்பை சுருங்கத்தான் செய்தது. அதாவது இவ்வகை மருந்துக்கு உமிழ்நீர்ச் சுரப்பி எளிதில் அடங்கும், சிறுநீர்ப்பை எளிதில் அடங்காது. அடுத்த நூறாண்டுக் காலம் மருந்தாக்குநர்கள் முட்டி மோதியது இந்த ஓர் உண்மையோடுதான் என்றால் மிகையில்லை.

மருந்துகளுக்கு முன்பாக நோயை இனங்காணும் முறை வளர வேண்டியிருந்தது. இத்தாலிய உடலியலாளர்களான மொஸோவும் பெல்லகானியும் 1880களின் தொடக்கத்தில் பெண்களின் சிறுநீர்ப்பை அழுத்தத்தைப் பதிவு செய்தனர். அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ரோஸ் 1927இல் இவ்வழுத்தத்தை அளப்பதற்கான கருவியை மருத்துவப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். எனினும் அளவீடு ஆய்வுக்கூடத்தை விட்டு நெடுநாள் வெளியே வரவில்லை. மருத்துவமனைக்கு வந்த பெண்ணின் துன்பம் எரிச்சலுற்ற சிறுநீர்ப்பை என்ற பொதுப்பெயரால் அழைக்கப்பட்டு, பல வேளைகளில் அவளுடைய நரம்புத் தளர்ச்சியின் கணக்கில் எழுதப்பட்டது. ஹாட்ஜ்கின்சன் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட ஆய்வு இப்போக்கை மாற்றத் தொடங்கியது. வெளிப்பார்வைக்கு எக்குறையும் இல்லாத பெண்கள் சிலரிடம் சிறுநீர்ப்பைத் தசை அவர்களுடைய கட்டுப்பாட்டை மீறித் தானாகவே சுருங்குவதை அது காட்டியது. இருமும்போது கசிகிறது என்று நம்பி அறுவை செய்யப்பட்ட பெண்கள் சிலருக்கு ஏன் குணம் கிடைக்கவில்லை என்பதற்கும் அதில் விடை இருந்தது. 1970இல் லண்டன் மருத்துவர்கள் பேட்ஸ், வைட்சைடு, டர்னர்-வார்விக் ஆகியோர், அறிகுறிகளை மட்டும் கேட்டு இக்கோளாறின் காரணத்தைத் தீர்மானிக்க முடியாது என்று அளவீடுகளைக் கொண்டு வாதிட்டனர். அதற்கடுத்த ஆண்டில் சிறுநீர் கட்டுப்பாட்டுக்கென ஒரு பன்னாட்டுச் சங்கம் உருவாகி, கலைச்சொற்களை முறைப்படுத்தும் பணியை மேற்கொண்டது.

1950களில் அமெரிக்காவின் சேர்ல் நிறுவனம் வயிற்றுப் புண்ணுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்த ப்ரோபாந்தலின், அட்ரோபினின் செயலைச் செயற்கை வேதிப்பொருளால் பெறும் முயற்சியாகும். அது மூளைக்குள் எளிதில் புகாதது. குடலிலிருந்து சீராக உறிஞ்சப்படாததும்கூட. இரைப்பையை அடக்கும் மருந்து சிறுநீர்ப்பையையும் அடக்கக்கூடும் என்ற எண்ணத்தில் மருத்துவர்கள் அதைக் கொடுத்துப் பார்த்தனர். மனச்சோர்வுக்கு உதவும் என்று சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் 1957இல் அறிவித்த இமிப்ரமின், சில ஆண்டுகளுக்குள் குழந்தைகள் படுக்கையை நனைப்பதற்கும், பின்னர் பெரியவர்களின் அவசரத்துக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவில் 1970இல் அனுமதி பெற்ற ஃப்ளேவாக்சேட் பக்கவிளைவு குறைந்ததாக இருந்தது. பயனும் அதே அளவுக்குக் குறைவு என்பதைப் பின்வந்த சோதனைகள் காட்டின.

இத்துறையை உண்மையில் ஆண்டது ஆக்ஸிபியூட்டினின். குடலின் இழுப்பைத் தணிப்பதற்காக உருவாக்கப்பட்ட இந்த மருந்தை மிச்சிகனைச் சேர்ந்த டயோக்னோவும் லாபிடஸும் 1972இல் சிறுநீரியல் ஏட்டில் அறிமுகம் செய்தனர். 1975இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி அளித்தது. ஏற்பியை அடைப்பதோடு தசையை நேரடியாகத் தளர்த்தும் பண்பும் ஓரளவு மரத்துப்போகச் செய்யும் பண்பும் அதற்கு உண்டு என்று கூறப்பட்டது. நாளொன்றுக்கு இரண்டு, மூன்று வேளை உட்கொள்ள வேண்டிய 5 மில்லிகிராம் மாத்திரை அவசரத்தைக் குறைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதை விழுங்கிய பெண்களுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மலம் இறுகியது, பார்வை மங்கியது. வாய் உலர்ந்தவர் தண்ணீரைக் கூடுதலாகக் குடிப்பார் என்பதும், கூடுதலாகக் குடித்தவர் மீண்டும் கழிவறையைத் தேடுவார் என்பதும் இச்சிகிச்சையின் உள்முரண். இவ்வறட்சிக்குப் பெரும்பங்கு காரணமானது ஆக்ஸிபியூட்டினின் தானல்ல, குடற்சுவரிலும் கல்லீரலிலும் அது சிதையும்போது உண்டாகும் ஒரு துணைப்பொருள் என்பது பின்னர் தெரியவந்தது. இந்த அறிவே அம்மருந்துக்கு அடுத்தடுத்துப் புது வடிவங்களைப் பெற்றுத் தந்தது. 1998இல் வந்த வடிவத்தில், கரையாத ஓட்டின் லேசர்த் துளை வழியே மருந்து ஒரு நாள் முழுவதும் சிறுகச் சிறுக வெளியேறியது, வெற்று ஓடு மலத்தோடு கழிந்தது. 2003இல் தோலில் ஒட்டும் பட்டையும் 2009இல் தடவும் களிம்பும் வந்தன. இவை குடலையும் கல்லீரலையும் தவிர்த்து நேரே குருதியில் கலப்பதால் துணைப்பொருள் குறைந்து, வாய் வறட்சியும் தணிந்தது. பட்டை ஒட்டிய இடத்தில் அரிப்பு வந்தது.

மருந்துகளுக்கு இணையாக, மருந்தில்லாத வழியொன்றும் இதே காலத்தில் வளர்ந்ததை மருந்து வரலாறுகள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, அது நியாயமன்று. பிரிட்டனில் ஜெஃப்கோட், ஃபிரான்சிஸ் ஆகியோர் 1966இல் விவரித்த சிறுநீர்ப்பைப் பயிற்சி எளிமையானது: அவசரம் வந்தவுடன் ஓடாமல், கடிகாரத்தைப் பார்த்து இடைவெளியைப் படிப்படியாக நீட்டி, ஒரு மணிக்கொரு முறை என்பதை மூன்று, நான்கு மணிக்கொரு முறையாகப் பழக்குவது. ஜார்விஸ் என்ற மருத்துவர் 1981இல் வெளியிட்ட, 50 பெண்களைக் கொண்ட சோதனையில், மருத்துவமனையில் தங்கி இப்பயிற்சியைப் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினர் கசிவிலிருந்து விடுபட்டனர். ஃப்ளேவாக்சேட்டும் இமிப்ரமினும் சேர்த்து உட்கொண்டவர்களில் 56 விழுக்காட்டினரே விடுபட்டனர். மருத்துவமனையில் தங்கும் கவனிப்புக்கும் இதில் பங்குண்டு என்று மறுக்கலாம். ஆனால் 1998இல் அமெரிக்காவில் பர்ஜியோ குழுவினர், 55 வயதுக்கு மேற்பட்ட 197 பெண்களை மூன்றாகப் பிரித்து வெளிநோயாளிகளாகவே நடத்திய சோதனையிலும் முடிவு அதே திசையில் அமைந்தது: இடுப்புத் தளத் தசைகளை இறுக்கி அவசரத்தை அடக்கப் பழகியவர்களின் கசிவு 80.7 விழுக்காடும், ஆக்ஸிபியூட்டினின் உட்கொண்டவர்களின் கசிவு 68.5 விழுக்காடும், மருந்தற்ற போலி மாத்திரை உட்கொண்டவர்களின் கசிவு 39.4 விழுக்காடும் குறைந்தன. போலி மாத்திரையே ஐந்தில் இரண்டு பங்கு கசிவைக் குறைத்திருக்கிறது என்ற கடைசி எண், பின்வந்த எல்லா விளம்பரங்களையும் படிக்கும்போது நினைவில் இருக்க வேண்டியது. பயிற்சிக்குச் செவிலியரின் நேரமும் நோயாளியின் பொறுமையும் வேண்டும். அதை விற்று ஈட்ட யாருமில்லை என்பதால் அதற்கு விற்பனைப் பிரதிநிதியும் இல்லாமல் போனார்.

ஸ்வீடனில் நெஞ்சுவலிக்காகப் பயன்பட்டுவந்த டெரோடிலின் என்னும் மருந்தின் கதை இவ்வரலாற்றின் இருண்ட பகுதி. அதை உட்கொண்ட இதய நோயாளிகளுக்குச் சிறுநீர் கழிப்பது கடினமாவதைக் கவனித்த மருத்துவர்கள், அந்தக் குறையையே பயனாக மாற்ற முனைந்தனர். 1986இல் பிரிட்டனில் சிறுநீர் அவசரத்துக்கான மருந்தாக அது விற்பனைக்கு வந்து, ஆக்ஸிபியூட்டினினைவிட வாயைக் குறைவாக உலர்த்துகிறது என்ற பெயரோடு பரவலாக எழுதிக் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில், அதை உட்கொண்ட முதியோர் சிலருக்கு இதயத்தின் மின்னோட்டம் சீர்குலைந்து உயிருக்கு ஆபத்தான படபடப்பு உண்டாவதாக அறிக்கைகள் குவிந்தன. 1991 செப்டம்பரில் தயாரிப்பு நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. உயிரைப் போக்காத ஒரு தொல்லைக்கான மருந்து உயிருக்கே உலை வைக்கக்கூடும் என்ற இந்த அனுபவத்துக்குப் பிறகு, சிறுநீர்ப்பைக்கான புது மருந்துகள் இதயத்தின் மீது உண்டாக்கும் விளைவு கூர்ந்து ஆராயப்படலாயிற்று.

டெரோடிலினோடு வேதியியல் உறவுடைய டோல்ட்டரோடின், அதைத் தயாரித்த அதே ஸ்வீடன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. உமிழ்நீர்ச் சுரப்பியைவிடச் சிறுநீர்ப்பையை மிகுதியாக அடக்கும் மூலக்கூறு எது என்று மயக்கமூட்டிய பூனைகளில் சோதித்துத் தேர்ந்த மருந்து அது. ஐரோப்பாவிலும், 1998 மார்ச்சில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற அதைக் காட்டிலும், அதனோடு சேர்ந்து பரவிய பெயரே நிலையான மாற்றத்தை உண்டாக்கியது. அழுத்த அளவீட்டால் நிரூபிக்க வேண்டிய நிலையற்ற தசை என்ற பழைய கருத்துக்கு மாறாக, அறிகுறிகளைக் கேட்டறிந்தாலே போதும் என்ற வரையறையுடன் மிகை இயக்கச் சிறுநீர்ப்பை என்ற சொல் 1997இல் ஆபிரம்ஸ், வைன் ஆகிய இரு சிறுநீரியலாளர்கள் லண்டனில் நடத்திய கருத்தரங்கிலிருந்து பரவி, 2002இல் பன்னாட்டுச் சங்கத்தின் ஏற்பைப் பெற்றது. இப்பெயர் மாற்றத்தால் பயன் விளைந்தது உண்மை; நாணத்தால் வாய் திறக்காத பெண்கள், குடும்ப மருத்துவரிடம் பெயர் சொல்லிப் பேசக்கூடிய ஒரு நோயைப் பெற்றனர். அதே வேளையில், அளவீடு தேவையற்றுப் போனதால் எந்த மருத்துவரும் மருந்தெழுதக்கூடியதாகச் சந்தை விரிந்தது. மருந்துகளைத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்வதற்கான கட்டுப்பாடு 1997இல் அமெரிக்காவில் தளர்ந்திருந்ததும் இதற்குத் துணையாயிற்று. டோல்ட்டரோடினை விற்ற நிறுவனத்தின் நிர்வாகி ஒருவர் விற்பனையாளர் மாநாட்டில் ஒரு நோயை உருவாக்கிய வெற்றிக் கதையாகவே இதை எடுத்துரைத்ததை, இதழாளர் மெலடி பீட்டர்சன் 2008இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். பெண்களின் துன்பம் உண்மையாக இருந்தது. அதன் எல்லையை வரைந்த கோல் மட்டும் முழுவதும் மருத்துவர்களின் கையில் இருக்கவில்லை.

அதன் பிறகு பத்தாண்டுகள் போட்டியின் காலம். அசிட்டைல்கோலினின் ஏற்பிகள் ஐந்து வகை என்பதை 1980களின் மரபணு ஆய்வுகள் காட்டியிருந்தன. சிறுநீர்ப்பையில் எண்ணிக்கையால் மிகுந்தது இரண்டாம் வகையாயினும் சுருக்கத்தைச் செய்விப்பது மூன்றாம் வகை என்று தெரிந்ததும், அந்த மூன்றாம் வகையைக் குறிவைத்து டாரிஃபெனசினும், ஓரளவு அதன் பக்கம் சாய்ந்த சோலிஃபெனசினும் உருவாயின. இரண்டும் 2004இன் இறுதியில் அமெரிக்க அனுமதி பெற்றன. ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் குடலிலும் அதே மூன்றாம் வகை இருந்ததால் வாய் வறட்சி அகலவில்லை, டாரிஃபெனசினில் மலச்சிக்கல் மிகுந்தது. ஜெர்மனியில் நெடுங்காலமாக வழக்கில் இருந்த ட்ரோஸ்பியமும் அதே ஆண்டில் அமெரிக்காவுக்கு வந்தது. மின்னேற்றம் கொண்ட மூலக்கூறாதலால் அது மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்த ப்ரோபிவெரின் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வேரூன்றியது. ஃபைசர் நிறுவனம் 2003இல் டோல்ட்டரோடினின் உரிமையாளரான ஃபார்மசியாவை விலைக்கு வாங்கியபோது, தான் உருவாக்கிவந்த டாரிஃபெனசினை அமெரிக்க வணிகப் போட்டி ஆணையத்தின் நிபந்தனைப்படி நோவார்ட்டிசுக்கு விற்க நேர்ந்தது என்பதிலிருந்து, இச்சந்தை எவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்டது என்பதை உணரலாம்.

ஒப்பீட்டுச் சோதனைகள் இக்காலத்தில்தான் பெருகின. அவற்றைப் படிக்கும்போது சோதனைக்குப் பணம் தந்தவர் யார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 790 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2003இல் வெளியான சோதனையில், மெதுவாக வெளியேறும் வகை ஆக்ஸிபியூட்டினினும் டோல்ட்டரோடினும் கசிவின் எண்ணிக்கையை ஏறத்தாழ ஒரே அளவில் குறைத்தன. கசிவு முற்றிலும் நின்றவர்கள் முன்னதில் 23 விழுக்காடு, பின்னதில் 16.8 விழுக்காடு, வாய் வறட்சியும் முன்னதிலேயே மிகுதி. 2005இல் வெளியான மற்றொன்றில் சோலிஃபெனசின் டோல்ட்டரோடினைவிடச் சிறந்ததாகத் தோன்றியது, ஆனால் சோலிஃபெனசினின் அளவை இடையில் கூட்டலாம் என்றும் டோல்ட்டரோடினின் அளவு மாறாது என்றும் ஆட்ட விதி அமைக்கப்பட்டிருந்தது. 2008இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஃபெசோட்டரோடின், உடலுக்குள் டோல்ட்டரோடின் எதுவாக மாறுகிறதோ அதே பொருளாக மாறுவது. அதன் 8 மில்லிகிராம் அளவை டோல்ட்டரோடினின் 4 மில்லிகிராமோடு ஒப்பிட்டு, புதியது வென்றதாக அறிவிக்கப்பட்டது.

விற்பவர் சாராத கணக்குகள் அடக்கமான எண்களையே தந்தன. நியூசிலாந்தைச் சேர்ந்த ஹெர்பிசன் குழுவினர் 2003இல் 32 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் இம்மருந்துகளால் கிடைத்த கூடுதல் நன்மை, ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒரு கசிவும் ஒருமுறை கழிவறைக்குச் செல்வதும் குறைவது என்று கண்டனர். அமெரிக்க அரசின் சார்பில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் பெண்களுக்கான சிகிச்சையை மட்டும் ஆராய்ந்து 2009இல் அளித்த அறிக்கை இன்னும் நுட்பமானது. மெதுவாக வெளியேறும் வகை மருந்துகள் நாளொன்றுக்கு 1.78 கசிவையும், உடனடியாகக் கரையும் வகைகள் 1.46 கசிவையும், போலி மாத்திரை 1.08 கசிவையும் குறைத்தன. மருந்துக்கும் போலிக்கும் இடையிலான வேறுபாடே சிறிதாகவும், மருந்துக்கு மருந்து உள்ள வேறுபாடு அதனினும் சிறிதாகவும் இருக்கையில், எம்மருந்து சிறந்தது என்ற கேள்விக்கு விடை பக்கவிளைவிலும் விலையிலும்தான் கிடைக்கும். நாளுக்கு ஐந்து முறை கசியும் பெண்ணுக்கு ஒரு கசிவு குறைவதன் மதிப்பை அவளே அறிவாள். அட்டவணைகள் அதைச் சொல்வதில்லை.

அடைக்கும் வழியை விட்டுத் தளர்த்தும் வழிக்கு மாறியதே உண்மையான திருப்பம். சிறுநீர்ப்பை நிறையும்போது அதன் தசையைத் தளர்வாக வைத்திருப்பது பீட்டா-3 என்னும் வேறொரு ஏற்பி என்பது 1990களின் இறுதியில் மனிதத் தசையில் உறுதிப்பட்டது. நீரிழிவுக்கெனத் தொடங்கப்பட்ட மிராபெக்ரானை ஜப்பானிய நிறுவனமான அஸ்டெல்லாஸ் இதற்கெனத் திருப்பி, 2011இல் ஜப்பானிலும் 2012இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த பெரிய சோதனையில் வாய் வறட்சி மிராபெக்ரானில் 2.8 விழுக்காடு, போலி மாத்திரையில் 2.6 விழுக்காடு, டோல்ட்டரோடினில் 10.1 விழுக்காடு. கசிவைக் குறைப்பதில் அது பழைய மருந்துகளை விஞ்சவில்லை. மேலும் சிலருக்குக் குருதி அழுத்தம் உயர்ந்ததால், கட்டுப்படாத கடும் குருதி அழுத்தம் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாகாது என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் எச்சரித்தது. 2018இல் ஜப்பானிலும் 2020 டிசம்பரில் அமெரிக்காவிலும் வந்த விபெக்ரான், பிற மருந்துகளின் சிதைவில் மிராபெக்ரானைப் போலக் குறுக்கிடுவதில்லை என்பதைத் தன் சிறப்பாகக் கூறிக்கொள்கிறது.

சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்காகப் பழக்கிய போட்டுலினம் நச்சு, சிறுநீர்ப்பைச் சுவரில் ஊசியால் செலுத்தப்பட்டு 2013 ஜனவரியில் இக்கோளாறுக்கு அமெரிக்க அனுமதி பெற்றது. அசிட்டைல்கோலினை அடைக்கும் மாத்திரையையும் இந்த ஊசியையும் நேருக்கு நேர் நிறுத்தி, பெண்களிடம் மட்டுமே அரசு நிதியில் நடத்தப்பட்ட 2012ஆம் ஆண்டுச் சோதனை இத்துறையின் நேர்மையான ஒப்பீடுகளுள் ஒன்று. நாளுக்குச் சராசரியாக ஐந்து கசிவோடு சோதனையில் சேர்ந்த அப்பெண்களில், ஆறு மாதத்தில் மாத்திரை 3.4 கசிவையும் ஊசி 3.3 கசிவையும் குறைத்தன. கசிவு முற்றிலும் நின்றவர்கள் மாத்திரையில் 13 விழுக்காடு, ஊசியில் 27 விழுக்காடு. வாய் வறட்சி மாத்திரையில் 46, ஊசியில் 31 விழுக்காடு; சிறுநீர்ப் பாதைத் தொற்றோ மாத்திரையில் 13, ஊசியில் 33 விழுக்காடு; ஊசி போட்டவர்களில் 5 விழுக்காட்டினர் இரண்டாம் மாதத்தில் சிறுநீரை வடிகுழாயால் வெளியேற்ற வேண்டியிருந்தது.

இதற்கிடையே பழைய நஞ்சின் இன்னொரு குறி, சித்தக் கலக்கம், மீண்டும் பேச்சுக்கு வந்தது. அசிட்டைல்கோலின் மூளையில் நினைவுக்கும் வேண்டியது. சியாட்டில் நகரில் 65 வயதுக்கு மேற்பட்ட 3,434 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வு, அசிட்டைல்கோலினை அடைக்கும் பல்வகை மருந்துகளை மிகுதியாக உட்கொண்டோருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு கூடியிருந்ததைக் காட்டியது; பிரிட்டனில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான பேராய்வு சிறுநீர்ப்பை மருந்துகளைத் தனியே பிரித்துப் பார்த்தும் அதே தொடர்பைக் கண்டது. தொடர்பு இருப்பதே காரணம் என்பதற்குச் சான்றாகாது; மறதியின் தொடக்கத்திலேயே சிறுநீர் அவசரம் தோன்றக்கூடும் என்பதால் ஐயத்துக்கு இடமுண்டு. ஆயினும் வழிகாட்டு நெறிகள் காத்திருக்கவில்லை. உடனடியாகக் கரையும் ஆக்ஸிபியூட்டினினை 2006இல் பெண்களுக்கு முதல் மருந்தாகப் பரிந்துரைத்த பிரிட்டனின் தேசிய மருத்துவ மேன்மை நிறுவனம், உடல் நலிந்த முதிய பெண்களுக்கு அதைக் கொடுக்கலாகாது என்று 2013இல் கூறியது. வியப்பூட்டுவது என்னவெனில், அதே 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அம்மருந்தின் தோல் பட்டையை மருத்துவர் சீட்டின்றிக் கடையில் வாங்கலாம் என்றும், பெண்கள் மட்டுமே வாங்கலாம் என்றும் அனுமதித்தது. ஆண்களின் அவசரத்துக்குப் பின்னால் புராஸ்டேட் கோளாறு மறைந்திருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அட்டவணைகளில் அதிகம் பேசப்படாத ஒப்பீடு ஒன்று உண்டு: எத்தனை பேர் மருந்தைத் தொடர்ந்து உட்கொள்கிறார்கள் என்பது. பிரிட்டனின் மருந்துச் சீட்டுகளைக் கொண்டு 2012இல் செய்த கணக்கில், ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தவர்கள் மிகச் சிறந்த இடத்தைப் பெற்ற சோலிஃபெனசினிலேயே 35 விழுக்காடுதான். ஃப்ளேவாக்சேட்டில் 14 விழுக்காடு. பயிற்சி, மருந்து, ஊசி என்று படிப்படியாக ஏறியே தீர வேண்டும் என்ற முறையை அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2024இல் கைவிட்டு, எல்லா வழிகளையும் நோயாளியின் முன் வைத்து அவரோடு கலந்து முடிவெடுக்கும்படி கூறியதற்கு இத்தகைய எண்களும் பின்புலமாகும். ஆனால் கலந்து முடிவெடுப்பதற்கு விலை இடம் தர வேண்டும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் மலிவான ஆக்ஸிபியூட்டினினை முதலில் உட்கொண்டு பார்த்த பிறகே மிராபெக்ரானுக்குப் பணம் தருவதை வழக்கமாகக் கொண்டிருந்தன. அதாவது மூளைக்கு மிகுந்த ஐயத்துக்குரிய மருந்து மலிவு காரணமாகவே முதலிடத்தில் நீடித்தது. இந்தியாவின் ஸைடஸ், லூபின் ஆகிய நிறுவனங்கள், காப்புரிமை வழக்குகள் நடந்துகொண்டிருந்தபோதே, 2024 ஏப்ரலில் மிராபெக்ரானின் பொதுப்பெயர் மாத்திரைகளை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தன.